நடுமேட்டுப்பட்டிக்குப் பாவாடை வண்டி

17 செப்டம்பர் 2025, புதன்

ராத்திரி மறுபடியும் உதைத்திருக்கிறேன். ஜெயக்கொடி காலையில் காபியைக் கொடுத்துவிட்டு முழங்காலையும் காட்டினாள். "ரிட்டயராகி மூணு வருஷமாச்சு. இன்னும் எம்புட்டு நாளைக்கு என் கால பிரேக்குன்னு மிதிப்பீங்க?" கனவில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் முக்கில் ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதிக்காமல் கும்பிடவா முடியும்?

பத்து மணிக்கு ஒரு போன். "டிரைவரண்ணே, நான் நடுமேட்டுப்பட்டி பாண்டிமீனா. மகளிர் குழுத் தலைவி. ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? பதினெட்டு வருஷம் நான் ஓட்டின ரூட். மதுரையில் எடுத்தால் திருவாதவூர் தாண்டி, கடைசி ஸ்டாப் நடுமேட்டுப்பட்டி. கடைசி ஸ்டாப் என்பது பேச்சுக்குத்தான். ஐப்பசியில் கண்மாய் நிரம்பினால் தை வரைக்கும் ரோடு தண்ணிக்குள் கிடக்கும். அந்த மூணு மாசமும் கண்மாய்க்கரையிலேயே நிறுத்தி, "எல்லாம் இறங்குங்க, பஸ்ஸு இதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிடுவேன். சனம் இறங்கி, கரையைச் சுத்தி ஏழு கிலோமீட்டர் நடக்கும்.

"எங்க குழுவுக்கு ஒரு வண்டி வந்திருக்குண்ணே. தண்ணியிலயும் போகும், சேத்துலயும் போகும். ஓட்டத்தான் ஆளில்ல. வாரீங்களா?"

தண்ணியில் போவது படகு, படகுக்கு எதுக்கம்மா டிரைவர் என்றேன். வந்து பாருங்கள் என்று வைத்துவிட்டாள்.

19 செப்டம்பர், வெள்ளி

வண்டியைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிவப்புக் கலரில் ஒரு பெரிய தொட்டி. பின்னால் கூண்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி. தொட்டியைச் சுத்திக் கறுப்பு ரப்பர் துணி தொங்குகிறது. சக்கரம் கிடையாது. பேப்பரில் ஹோவர்கிராஃப்ட் என்று போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். பாவாடை வண்டி.

செய்தவர் ஆன்மேரி மேடம். இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுக்கிறவர். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, முழங்கை வரைக்கும் கிரீஸ். "ரெண்டு இன்ஜின்ணே. ஒண்ணு தூக்குறது, ஒண்ணு தள்ளுறது. தூக்குறது அடியில காத்த அடைக்கும். இந்தத் துணி அந்தக் காத்த உள்ள பிடிச்சு வைக்கும். வண்டி ஒரு சாண் எந்திரிச்சிரும். அப்புறம் கீழ தண்ணியா, சேறா, ஆகாயத்தாமரையான்னு பாக்கவே வேணாம்."

படகு ஏன் ஆகாது என்று எனக்கே தெரியும். இடுப்பளவு தண்ணி, அதுக்கடியில் முழங்கால் சேறு, சேத்துக்குள்ளே வெட்டிப்போட்ட கருவேல மரத்து அடிமூடுகள். போன வருஷம் யாரோ தானமாகக் கொடுத்த படகு நடுக்கண்மாயில் இன்னும் கவிழ்ந்து கிடக்கிறது.

"பிரேக்கு எங்க மேடம்?"

"பிரேக் கிடையாதுண்ணே."

அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் ஒரு குரல். மேலூர் சந்தையில் கீரை விற்கிற தங்கப்பொண்ணு. என் பஸ்ஸில் பதினெட்டு வருஷமும் முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள். "யாரு, இந்தாளா ஓட்டப் போறாரு? இவரு கரையில இறக்கி விடுற டிரைவராச்சே!" அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள்.

ரோசம் வந்துவிட்டது. "முப்பத்தோரு வருஷம் ஆக்சிடெண்ட் இல்லாத டிரைவர் மேடம் நான். வீட்டுல ஷீல்டு இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

நவம்பர் அஞ்சாம் தேதி வண்டியைச் சோதிக்க அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள். அஞ்சு பேரை ஏற்றி மூணு ட்ரிப் போக வேண்டும். அக்கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். தவறினால் வண்டி வேற மாவட்டத்துக்குப் போய்விடும், நடுமேட்டுப்பட்டி இந்த மழைக்கும் தீவுதான்.

24 செப்டம்பர், புதன்

இடித்துவிட்டேன்.

கண்மாயில் இப்போது பாதி தண்ணி, பாதி சேறு. வண்டி எழுந்தபோது நல்லாத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். சேத்து மேல், தாமரை மேல், குலுக்கலே இல்லாமல் - நான் ஓட்டின எந்த ரோடும் இம்புட்டு வழுவழுப்பா இருந்ததில்லை. அப்புறம் மடை வந்தது. மதகுச் சுவர் தெரிந்ததும் வலது காலை ஓங்கி மிதித்தேன். என்னத்த மிதிக்க? அங்க வெறும் பலகை. இன்னொரு மிதி. வண்டி வழுக்கிக்கொண்டே போய் மடைச் சுவரில் 'டம்' என்று முட்டி, என் நெத்தி கண்ணாடியில் முட்டி...

"தள்ளுறத நிறுத்தினாலும் அது போய்க்கிட்டேதாண்ணே இருக்கும்" என்றார் மேடம், என் நெத்தியில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு. "நூறு அடிக்கு முன்னாடியே இடது கை லீவர இறக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. காத்து குறையும், துணி தண்ணியில உரசும், வண்டி தானா உக்காரும். படக்குன்னு இறக்கினா மூக்குக் குத்திரும்."

கை. கால் இல்லை, கை. எல்லாம் புரிகிறது. காலுக்குத்தான் புரிய மாட்டேங்குது.

25 செப்டம்பர், வியாழன்

போகவில்லை. ஜெயக்கொடி டிவி மேலிருந்த ஷீல்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் போட்டுத் துடைக்கிறே என்று கத்திவிட்டேன். என்ன கோளாறு உங்களுக்கு என்றாள்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வண்டிக்கு மாலை போடாமல் எடுத்ததில்லை. பாவாடை வண்டி மட்டும் என்ன பாவம் பண்ணியது? ரெண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். சந்தனம், குங்குமம். மேடமும் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது, சக்கரமே இல்லையே. பாண்டிமீனாதான் "பாவாடைக்கு அடியில வைங்கண்ணே" என்றாள். நாலு மூலைக்கு நாலு பழம் வைத்தோம்.

தூக்குற இன்ஜினைப் போட்டேன். நாலு பழமும் துணிக்கடியிலிருந்து புறப்பட்டு ஓடின. ஒண்ணு பூசாரி கணுக்காலில் பட்டு அவர் 'ஐயோ' என்று உட்கார்ந்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, நானும் சிரித்துக்கொண்டே தள்ளுற இன்ஜினையும் போட்டுவிட்டேன்.

பின்னால் காத்தாடிக் கூண்டில் ரெண்டு முழ செவ்வந்தி மாலை. நான் போட்டது.

காத்தாடி அதை ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தது. மாலைக்குள் நார் இருந்தது, நாருக்கு மேல் நான் ஆசையாகச் சுத்தின சரிகைக் கயிறு இருந்தது. டர்ர்ர்... ஒரு இறக்கை பிளந்து போச்சு. வானத்திலிருந்து செவ்வந்தி இதழ் கொட்டுகிறது, தங்கப்பொண்ணு கையைத் தட்டி, "பூமாரி பொழியுது, டிரைவருக்குக் கல்யாணம்!" என்கிறாள்.

ஆன்மேரி மேடம் சிரிக்கவில்லை. இறக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். "இத நானே செதுக்கினேண்ணே. நாலு மாசம்." கண் கலங்கியிருந்தது. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

3 அக்டோபர், வெள்ளி

மேடத்திடம் போய், வேற டிரைவரைப் பாருங்கள் என்றேன். "எட்டு பேரக் கேட்டாச்சு. வண்டி பேரக் கேட்டதுமே ஓடிட்டாங்க. நீங்க இடிச்சுட்டும் மறுபடி வந்தீங்க" என்றார். மாற்று இறக்கை ஒண்ணு வைத்திருக்கிறாராம். இனி வண்டிக்குப் பின்னால் பூ, துண்டு, முந்தானை எதுவும் வரக்கூடாது என்று பெயிண்டில் எழுதிப் போட்டார். எழுதும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

9 அக்டோபர், வியாழன்

ஜெயக்கொடி யோசனைப்படி சம்மணங்கால் போட்டு உட்கார்ந்து ஓட்டினேன். கால் மிதிக்கவில்லை. ஆனால் காலைப் பிடித்து வைப்பதிலேயே புத்தி போய்விடுகிறது, கை தாமதமாகிறது. கோட்டைத் தாண்டி இருபது அடி. அடுத்து முப்பது அடி. கரை நெருங்கினால் கத்துகிற பஸ்ஸர் ஒண்ணை மேடம் மாட்டிப் பார்த்தார். காத்தாடிச் சத்தத்தில் அது கொசு மாதிரி முனகுகிறது.

10 அக்டோபர், வெள்ளி

பதினெட்டு அடி. ஆறு தடவையும் தாண்டினேன்.

14 அக்டோபர், செவ்வாய்

இன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது.

விளாங்குடியிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் போனேன். டிரைவருக்குப் பின் சீட்டு. பாத்திமா காலேஜ் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் ஒத்தை விசில் அடித்தான். என் இடது கை தானாக எழும்பிக் காத்தில் கியர் குறைத்தது! பக்கத்தில் இருந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காலா? கால் அப்புறம்தான் வந்தது. கைதான் முதலில்.

அடுத்த ஸ்டாப்பிலும் பார்த்தேன். அதேதான். விசில், கை, அப்புறம் கால். சுவரைக் கண்ணால் பார்த்தால் கால் முந்துகிறது. விசிலைக் காதால் கேட்டால் கை முந்துகிறது. முப்பத்தோரு வருஷம் எனக்கே தெரியாமல் என் உடம்பு இப்படித்தான் ஓட்டியிருக்கிறது.

அந்தப் பாவாடை வண்டியில் தூக்குற லீவர் எங்கே இருக்கிறது? இடது கையில்.

அப்படியானால் எனக்கு வேண்டியது பிரேக் இல்லை, கண்டக்டர். எந்தச் சத்தத்திலும் காதைப் பிளக்கிற விசில் ஒருத்தனிடம்தான் உண்டு. நல்லகாமன். பதினோரு வருஷம் எனக்குக் கண்டக்டர்.

அவன் மூஞ்சியில் நான் எப்படி முழிப்பேன்?

18 அக்டோபர், சனி

அழகர்கோவில் போனேன். மலையடிவாரத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நல்லகாமன் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். கழுத்தில் அதே பித்தளை விசில். இளைத்துவிட்டான், உடம்பில் எலும்பும் விசிலும்தான் மிச்சம். முன்னெல்லாம் என்னை வாய் நிறைய அண்ணே என்பான்.

"டூ வீலரா, காரா, டிரைவர் சார்?"

சார்! விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மூணு காருக்கு டோக்கன் கொடுத்தான். அப்புறம் சொன்னான்: "என் விசிலு ஒரு தடவ என்னைய ராமநாதபுரம் பக்கம் ரெண்டு வருஷம் கொண்டு போய் விட்டுச்சு. இன்னொரு தடவ எங்க கொண்டு போய் விடும்?"

டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். 2016 கார்த்திகை. கண்மாய்க்கரையில் பஸ்ஸை நிறுத்தினேன். மழை. தங்கப்பொண்ணு இறங்காமல், "உனக்கெல்லாம் எதுக்குய்யா காக்கிச் சட்ட?" என்றாள். எனக்கு ரோசம். நல்லகாமன், "வேணாம்ணே, ரோடு தெரியல" என்று வாயால் சொன்னான். விசில் அடிக்கவே இல்லை. நான்தான் எடுத்தேன். முன் சக்கரம் ரெண்டும் சேத்தில் இறங்கி, மறுநாள் ரெண்டு டிராக்டர் வைத்து இழுத்தார்கள். ஆளுக்குச் சேதம் இல்லை. விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது: நடத்துநர் இரட்டை விசில் கொடுத்ததால் வண்டியை எடுத்தேன்.

அவனை மாத்தினார்கள். எனக்கு ஷீல்டு கொடுத்தார்கள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவுக வீட்டுக்குப் பலகாரம் குடுத்து விட வேணாம், அவன் என்னைய மாட்டி விட்டவன்னு சொன்னீங்களே. ஒம்பது வருஷமா அவன் பொண்டாட்டிய ரோட்டுல பாத்தாக்கூட நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே!" சட்டியை மறுபடி அடுப்பில் வைத்தாள். முறுக்கு கல்லு மாதிரி இருந்தது. தின்றுவிட்டேன்.

22 அக்டோபர், புதன்

விடாத மழை. பாண்டிமீனா போன். "கண்மாய்க்குப் புதுத்தண்ணி வந்துருச்சுண்ணே. ரோடு நாளைக்கு முங்கிரும்."

ராத்திரிச் சோறு முடிந்ததும் ஒரு முழு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். டிப்போவில் எழுதுகிற மாதிரியே.

பெறுநர்: திரு. நல்லகாமன், நடத்துநர் (ஓய்வு). பொருள்: 2016 கார்த்திகையில் வண்டி சேற்றில் இறங்கியது தொடர்பாக. ஐயா, அன்று மாலை தாங்கள் விசில் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னீர்கள். நான்தான் வண்டியை எடுத்தேன். விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது பொய். அதனால் தாங்கள் அடைந்த கஷ்டத்துக்கு நானே பொறுப்பு. இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். இப்படிக்கு, காளை, ஓட்டுநர் (ஓய்வு).

ஜெயக்கொடி வாங்கிப் படித்தாள். ஒரு தூக்குவாளி நிறைய அதிரசத்தைக் கொண்டுவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

23 அக்டோபர், வியாழன்

நல்லகாமன் தாளை ரெண்டு தடவை படித்தான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"தேதி போடல."

போட்டேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். தூக்குவாளியைத் திறந்து ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தான்.

"அம்மா கடேசி வருஷம், நான் ராமநாதபுரத்துல கெடந்தேன். லீவு கேட்டு கேட்டு..." நான் அழுதுவிட்டேன். அறுபத்து மூணு வயசு, அம்புட்டுச் சனத்துக்கு மத்தியில், டோக்கன் மேசையைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வெக்கமே இல்லை.

"அழுகாதீங்க. வண்டி எத்தன மணிக்கு எடுக்கணும்?" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. சாரும் சொல்லவில்லை.

27 அக்டோபர், திங்கள்

மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சு பாசஞ்சர், ஒரு டிரைவர். இதுதாண்ணே வெயிட். கண்டக்டருக்கு இடமில்ல." நல்லகாமனைத் தராசில் ஏற்றினார்கள். நாப்பத்தாறு கிலோ. மேடம் என் வயித்தைப் பார்த்தார். "டிரைவர் தொப்பை பாதி குறைஞ்சு, பின்னாடி இருக்கிற டூல் பெட்டியும் இறங்கினா கண்டக்டர் ஏறலாம்." பெட்டியை இறக்கினோம். மத்தியானச் சோத்தை விட்டேன்.

முன்னால் மூக்கில் குந்தி உட்கார்ந்தான் நல்லகாமன். ரெண்டு விசில் - எடுத்தேன். காதில் கவசம் மாட்டியும் அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது. அக்கரை வருகிறது. நான் கரையைப் பார்க்கவே இல்லை, அவன் முதுகைத்தான் பார்த்தேன். ஒத்தை விசில். இடது கை இறங்கியது. அதுபாட்டுக்கு. சம்மணங்கால் போட்ட கால் ஆடக்கூட இல்லை. வண்டி பொசபொசவென்று தண்ணியில் உரசி, எருமை படுக்கிற மாதிரி மெதுவாக உட்கார்ந்தது.

கோட்டுக்கு ரெண்டு அடி இந்தப் பக்கம்!

மேடம் அக்கரையில் நின்று துள்ளுகிறார். ஒரு காலேஜ் வாத்தியார் துள்ளி இன்றைக்குத்தான் பார்த்தேன். நல்லகாமன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, இன்னொரு நட போவமா?" என்றான்.

அண்ணே!

4 நவம்பர், செவ்வாய்

இருபத்து மூணு நடை. ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. ராத்திரி உதைக்கவில்லை என்கிறாள் ஜெயக்கொடி.

5 நவம்பர், புதன்

எல்லாத்தையும் எழுத வேண்டும், ஒண்ணு விடாமல்.

அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். பெரியவர் ஒருத்தர், கண்ணாடி போட்டவர், முதலில் விசிலைப் பார்த்தார். "இது என்ன, டவுன் பஸ்ஸா?" மேடம் விளக்கம் சொல்ல வாயைத் திறக்கும் முன்னே நல்லகாமன், "ஆமாங்கய்யா. நடுமேட்டுப்பட்டிக்கு" என்றான்.

முதல் நடை, கோட்டுக்கு மூணு அடி முன்னால் நின்றது. ரெண்டாம் நடையில் பக்கக்காத்து. வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து போனது, ஆனாலும் ஒரு அடி முன்னால் நிறுத்திவிட்டேன். கண்ணாடிக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். மூணாம் நடைக்கு, "நான் ஏர்றேன்" என்று அவரே ஏறினார். கூடப் பாண்டிமீனாவும் இன்னும் மூணு பேரும். அந்த மூணில் ஒருத்தி தங்கப்பொண்ணு, கீரைக்கூடையோடு. "எதுக்குடி கூடை?" என்று பாண்டிமீனா கேட்டால், "எப்படியும் நடுவுல இறக்கி விடுவாரு, வித்துட்டு வரலாம்னுதான்" என்கிறாள்.

ரெண்டு விசில். எடுத்தேன். நல்ல வேகம். தண்ணி தெறித்து முன் கண்ணாடி முழுக்க மறைத்துவிட்டது. நடுக்கண்மாய் தாண்டியிருப்போம். கரை இன்னும் தூரம். ஆகாயத்தாமரை ஒரே பச்சையாகக் கிடக்கிறது, எதிரில் ஒண்ணுமே இல்லை.

ஒத்தை விசில்.

இங்கேயா? கோடு எங்கேயோ இருக்கிறது. இங்கே உட்கார்ந்தால் மூணாம் நடை போச்சு, வண்டி போச்சு, ஊர் போச்சு. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியவில்லை. ஒரு நொடிதான் இருந்திருக்கும். அந்த நொடியில் எனக்கு 2016 ஞாபகம் வந்தது. வேணாம்ணே, ரோடு தெரியல. அன்றைக்கு நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

கை இறங்கியது. சத்தியமாக நான் இறக்கவில்லை, அதுவே இறங்கியது.

வண்டி உரசி, உரசி, உட்கார்ந்தது. முன்னால் பத்தடியில் தாமரை இலை எழும்பியது. இலைக்குக் கீழே ரெண்டு கொம்பு. பக்கத்தில் இன்னும் ரெண்டு. ஏழெட்டு எருமை, மூக்கு மட்டும் வெளியே விட்டு முங்கிக் கிடக்கிறது! ஒண்ணு எங்களைப் பார்த்துத் தும்மியது. தலையில் ஒரு கொத்துத் தாமரைப்பூ.

அப்புறம் தங்கப்பொண்ணுதான் எழுந்து நின்று, "யாத்தே, இது நம்ம அன்னக்கொடி வீட்டு எருமையில்ல! ஹேய், போ அங்கிட்டு!" என்று கீரைக்கட்டை வீசினாள். எருமைகள் கீரையைத் தின்றுகொண்டே ஒதுங்கின. ரெண்டு விசில். மறுபடி எழுந்து போய், கோட்டுக்கு அரை அடி முன்னால் நிறுத்தினேன்.

கண்ணாடிக்காரர் இறங்கி நோட்டைப் பிரித்தார். மேடம் மெதுவாக, நடுவில் நின்றதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்தார். "அதத்தாம்மா கணக்குல எடுக்கப் போறேன்" என்றார் அவர். "நான் அந்த மாட்டப் பாக்கவே இல்ல." என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லய்யா. கண்டக்டர் பாத்தாரு. எனக்கு அது போதும்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்! வண்டி நடுமேட்டுப்பட்டிக்கே! பாண்டிமீனா குலவை போட்டாள், ஊரே குலவை போட்டது. மேடம் சிலுவையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னையும் நல்லகாமனையும் தூக்கப் பார்த்தார்கள். அவனைத் தூக்கிவிட்டார்கள், என்னைத் தூக்க முடியவில்லை. பரவாயில்லை. நான் கீழே நின்று கைதட்டினேன், இதுவரைக்கும் எதுக்கும் அப்படித் தட்டினதில்லை.

6 நவம்பர், வியாழன்

கை வலி. தொண்டை வலி. இம்புட்டுச் சந்தோஷம் உடம்புக்கு ஆகாது போல.

17 நவம்பர், திங்கள்

இன்றிலிருந்து தினமும் ஓடுகிறது. கார்த்திகை ஒண்ணு. ரோடு முழுசாக முங்கிவிட்டது, கண்மாய் கடல் மாதிரி கிடக்கிறது. காலையில் பால் கேன், கீரைக்கூடை, ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள். சாயங்காலம் அதே சனம் திரும்புகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே வண்டியில் ஏறுகிறார்கள். ஏழு கிலோமீட்டர் நடை இப்போது நாலு நிமிஷம்.

அதிரசத் தூக்கு நல்லகாமன் வீட்டிலிருந்து திரும்பி வந்தது. காலியாக இல்லை, உள்ளே மலை நெல்லிக்காய். ஜெயக்கொடியும் அவன் பொண்டாட்டியும் ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள்.

29 நவம்பர், சனி

ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி எழுந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கரையில் இறங்கி, "இதுக்குத்தானா என் கால ஒடச்சீங்க?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஷீல்டை இறக்கிப் பரணில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. அந்த இடத்தில் செவ்வந்திச் செடித் தொட்டியை வைத்தாள், என்னை வெறுப்பேத்தவே.

15 டிசம்பர், திங்கள்

சாயங்காலம் கடைசி நடை. மழைத்தூறல். தங்கப்பொண்ணு முன்னால் உட்கார்ந்து வெத்தலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒத்தை விசில், உட்கார்ந்தோம். நல்லகாமன் எழுந்து நின்று, அந்தப் பழைய குரலில், "நடுமேட்டுப்பட்டி! கடேசி ஸ்டாப்பு! எல்லாம் இறங்குங்க!" என்றான்.

பதினெட்டு வருஷம் அந்த ரூட் ஓட்டியும் இந்த மாசத்தில் அந்தக் குரலை அந்த இடத்தில் நான் கேட்டதில்லை.

தங்கப்பொண்ணு இறங்கவில்லை. "அதுக்குள்ளயா? நான் இன்னும் வெத்தலயே போடலயே" என்றாள். இறங்கி நாலடி நடந்து திரும்பி, "ஏன்யா டிரைவரே, இம்புட்டுத் தூரம் வந்த ஆளு என் வீட்டு வாசல் வரைக்கும் விட்டா கொறஞ்சா போயிருவே?" என்று திட்டினாள். நல்லாத் திட்டினாள். தூறலில் நனைந்துகொண்டே கேட்டேன்.

18 டிசம்பர், வியாழன்

வண்டி நிற்கிற கொட்டகைச் சுவரில் நேரம் எழுதி ஒட்டச் சொன்னாள் பாண்டிமீனா. வெளியூர்ச் சனமும் வர ஆரம்பித்துவிட்டது. எழுத ஒரு நல்ல தாள் இல்லை. நல்லகாமன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் எழுதிக் கொடுத்த தாள். பிரித்து, என் எழுத்தைக் கீழே வைத்து, பின்பக்கம் பட்டைப் பேனாவில் எழுதினான். காலை 6.40, 7.15, 8.00. மாலை 4.30, 5.15, 6.00. கடைசி ஸ்டாப்: நடுமேட்டுப்பட்டி.

"பசை இந்தப் பக்கம் தடவுங்கண்ணே" என்று என்னிடம் நீட்டினான். என் கையெழுத்து மேலேயே நான் பசை தடவினேன். சுவரில் வைத்து, மடிப்பு போக அவனே உள்ளங்கையால் ரெண்டு தடவை அழுத்தித் தேய்த்தான்.

6.00 வண்டிக்கு ஆள் ஏறிவிட்டது. ரெண்டு விசில் கொடுத்தான்.